முதலில் இறக்க வேண்டிய பெயர்

கட்டடத்தில் ஒரு பெயரை ஏற்ற ஒரு பகல் போதும். அங்கே ஏற்கெனவே இருக்கும் பெயரை இறக்கத்தான் நாள் பிடிக்கும். எழுத்தைக் கழற்றிய இடத்தில் கல் மட்டும் வெளுத்து, கடிகாரத்தைக் கழற்றிய மணிக்கட்டு மாதிரி தனியாகத் தெரியும். வெண்கல எழுத்து என்றால் ஆண்டுக்கணக்கான மழை அதன் அடியில் பச்சைக் கறையாக வழிந்து கல்லுக்குள் ஊறியிருக்கும். அதற்கென்று மருந்து கலந்த களிமண்ணைக் குழைத்து அப்பி, காயவிட்டு, உரித்து, திரும்ப அப்ப வேண்டும். திருகாணி இறங்கிய துளைகளை அதே கல்லின் தூளையும் சுண்ணாம்பையும் நிறம் பார்த்துக் கலந்து அடைக்க வேண்டும். இத்தனையும் செய்த பிறகும், சாய்ந்த வெயிலில் கீழே நின்று பார்த்தால் பழைய பெயரை வாசித்துவிடலாம்.

அட்லாண்டாவில் பெயரெழுத்துப் பட்டறை நடத்திப் பிழைத்தவன் நான். பள்ளி, மருத்துவமனை, வங்கி என்று எல்லாவற்றுக்கும் எழுத்து வார்த்திருக்கிறோம். ஆனால் என் மனம் தங்கியது நீதிமன்றங்களில். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ஒரு நீதிமன்றத்துக்கு நீதிபதி ஒருவரின் பெயரை வைப்பது, அதிலும் முதன்முதலாக ஒரு தடையைத் தாண்டிய நீதிபதியின் பெயரை வைப்பது, எப்படி நடக்கிறது என்பதை ஏணியின் உச்சியில் நின்று பார்த்திருக்கிறேன். எழுத்தும் கல்லும் அதில் சின்னப் பங்கு. பெரிய பங்கு அதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது.

இந்தத் தொழில் எனக்கு அப்பாவிடமிருந்து வந்தது. சென்னை உயர் நீதிமன்றத்துக்கு எதிரே தம்புச் செட்டித் தெருவிலும் அரண்மனைக்காரன் தெருவிலும் மாடிப்படி தோறும் வக்கீல்களின் பெயர்ப்பலகைகள் தொங்கும். அவற்றில் பாதியாவது அப்பா எழுதியதாக இருக்கும் என்று நான் நம்பியிருந்த வயது உண்டு. ஒருநாள் ஒரு குமாஸ்தா மூச்சிரைக்க வந்தார்.

"அண்ணே, எங்க ஐயாவை ஜட்ஜாப் போட்டுட்டாங்க. போர்டை இன்னைக்கே இறக்கிடணும்."

"புது போர்டு எப்போ வேணும் தம்பி?"

"இனிமே போர்டு ஏது அண்ணே? ஜட்ஜுக்கு வாசல்ல பேர் கிடையாது."

வக்கீலாக இருக்கும்வரை வாசலில் பெயர். நீதிபதி ஆனதும் அது இறங்கிவிடும். மறுபடி அந்தப் பெயர் பொதுச் சுவர் ஒன்றில் ஏற வேண்டுமானால் அவர் கொடுத்த தீர்ப்புகள் அதை ஏற்ற வேண்டும். அப்பா என்னை உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் கூட்டிப்போய், அந்த நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி முத்துசாமி ஐயரின் பளிங்குச் சிலையைக் காட்டியிருக்கிறார். வெறுங்காலோடு உட்கார்ந்திருக்கும் நீதிபதி. நான் சிலையைவிட அதிக நேரம் பீடத்தில் வெட்டியிருந்த எழுத்துகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

1980-களின் கடைசியில் அட்லாண்டா வந்து ஒரு பட்டறையில் கூலிக்குச் சேர்ந்தேன். அப்போதெல்லாம் எழுத்துகளை முழு அளவில் காகிதத்தில் கையால் வரைவோம். அந்தக் காகிதத்தைச் சுவரில் ஒட்டி, நூல் பிடித்து, மட்டம் பார்த்து, காகிதத்தின் வழியாகவே துளை போடுவோம். எழுத்தின் முதுகில் இருக்கும் திருகாணிகளைப் பசையோடு துளைக்குள் இறக்கினால் வேலை முடிந்தது. இப்போது கணினி வரைகிறது, இயந்திரம் அறுக்கிறது. ஆனால் எழுத்துகளுக்கு இடையிலான இடைவெளியை இன்றைக்கும் கண்தான் முடிவு செய்கிறது. டபிள்யூவும் ஏ-யும் அடுத்தடுத்து வந்தால் அளவுகோல் சரி என்று சொன்னாலும் கண்ணுக்கு நடுவில் பள்ளம் தெரியும். இரண்டையும் நெருக்கி வைக்க வேண்டும். இதைச் சொல்லிக்கொடுத்தவர் பட்டறையின் மூத்த தொழிலாளி, தெற்குக் கரோலினாவின் கிளாரண்டன் மாவட்டத்தில் பிறந்த ஒரு கறுப்பினப் பெரியவர். அவரிடம் பிறகு வருகிறேன்.

அரசுக் கட்டட வேலையில் முதலில் படித்த பாடம், பெயரை யாரும் வாய்மொழியாகச் சொல்ல முடியாது என்பது. நம் ஊரில் ஓர் அரசாணை போதும். 1997-இல் தமிழ்நாட்டின் மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இருந்த தலைவர்களின் பெயர்களை ஒரே முடிவில் எடுத்தார்கள். பேருந்துகளின் பக்கவாட்டில் எழுதுகிற நண்பர்களுக்கு இரவு பகலாக வேலை இருந்தது என்று கடிதம் வந்தது. அமெரிக்காவில் ஒரு சிற்றூர் அஞ்சலகத்துக்குப் பெயர் வைக்கவே நாடாளுமன்றம் சட்டம் இயற்றுகிறது. அந்தச் சட்டங்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. முதல் பிரிவு, இன்ன தெருவில் இன்ன எண்ணில் உள்ள கட்டடம் இன்ன பெயரால் வழங்கப்படும் என்று சொல்லும். இரண்டாம் பிரிவு, வரைபடம், ஆவணம், விதி எதில் பழைய பெயர் வந்தாலும் அது புதிய பெயரைக் குறிப்பதாகவே கொள்ளப்படும் என்று சொல்லும். அவ்வளவுதான். ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடும்.

அந்த ஒரு பக்கம்தான் எங்கள் வரைபடத்துக்கு மூலம். சட்டத்தில் முதலெழுத்துக்குப் பின் புள்ளி இருந்தால் சுவரிலும் புள்ளி. நடுப்பெயர் முழுதாக இருந்தால் சுவரிலும் முழுதாக. குடும்பத்தார் வந்து "அப்பாவை யாரும் அந்தப் பெயரால் கூப்பிட்டதில்லை" என்றாலும் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தான் மசோதா எழுதும் நாளிலேயே குடும்பத்தைக் கேட்டுவிடுங்கள் என்று வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

கூட்டரசின் கட்டடங்களைப் பராமரிக்கும் ஜி.எஸ்.ஏ. என்ற பொதுச் சேவை நிர்வாகத்தின் தலைவருக்கே, தம் பொறுப்பில் உள்ள எந்தக் கட்டடத்துக்கும் பெயர் வைக்கவும் மாற்றவும் சட்டப்படி அதிகாரம் உண்டு. முன்பு நாடாளுமன்றம் வைத்த பெயரைக்கூட அவர் மாற்றலாம். பலருக்கு இது தெரியாது. தெரிந்தவர்களும் அதைத் தொடுவதில்லை. பெயர் என்பது வாக்குக் கேட்கிற விஷயம், அதை வாக்கில் நிற்பவர்களே செய்யட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். ஆகவே மசோதா அந்தத் தொகுதியின் உறுப்பினரிடம் தொடங்குகிறது. கீழவையில் போக்குவரத்து, உள்கட்டமைப்புக் குழு. மேலவையில் சுற்றுச்சூழல், பொதுப்பணிக் குழு. அந்த மாநிலத்து உறுப்பினர்கள் கட்சி பாராமல் கையெழுத்திட்டுவிட்டால் மற்ற மாநிலத்தார் குறுக்கே நிற்பதில்லை என்பது பழைய மரபு. கீழவையில் இவற்றை விதிகளை ஒத்திவைக்கும் முறையில் கொண்டுவருவார்கள்: விவாதம் 40 நிமிடம், திருத்தம் கிடையாது, ஆனால் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். பெரும்பாலும் அவையில் பத்துப் பேர் இருக்கும்போது குரல் வாக்கில் முடிந்துவிடும்.

அப்படி முடியாதபோதுதான் ஒரு பெயரின் எடை தெரியும்.

நான் வந்த புதிதில் அட்லாண்டாவின் ஃபார்சைத் தெருவில் உள்ள பழைய அஞ்சலக நீதிமன்றக் கட்டடத்துக்கு எல்பர்ட் டட்டில் பெயரை வைத்திருந்தார்கள். 1960 முதல் 1967 வரை ஐந்தாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி. நிறப் பிரிவினைக்கு எதிரான உச்ச நீதிமன்றத் தீர்ப்பை, அதை மதிக்க மறுத்த தென்மாநிலங்களில் நடைமுறைப்படுத்திக் காட்டிய நால்வரில் ஒருவர். உயிரோடு இருந்து தம் பெயரைத் தாங்கிய கட்டடத்தைப் பார்த்தார், 1996-இல் மறைந்தார். மதிய உணவு நேரத்தில் அந்தக் கருங்கல் சுவரைப் பார்க்கவே நான் நடந்து போவேன். பழைய கட்டடத்தில் நெற்றியில் வெட்டியிருக்கும் எழுத்தை யாரும் தொட முடியாது. வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டம் 1966-இலிருந்து இருக்கிறது. ஒரு துளை போடுவதற்கும் மாநிலப் பாதுகாப்பு அலுவலரின் கருத்தைக் கேட்க வேண்டும். அதனால் இம்மாதிரிக் கட்டடங்களில் புதுப் பெயர் வாசல் அருகே பட்டயமாகவோ புல்தரையில் தனிப் பலகையாகவோ வரும். உயரத்தில் ஏறாததால் மதிப்புக் குறைந்தது என்று நினைக்க வேண்டாம். கண் மட்டத்தில் இருக்கும் பெயரை ஆள்கள் நின்று வாசிக்கிறார்கள், தொட்டும் பார்க்கிறார்கள்.

அதே அட்லாண்டாவில், சற்று தூரத்தில், ரிச்சர்டு ரசல் கூட்டரசுக் கட்டடமும் நீதிமன்றமும் நிற்கிறது. மேலவையில் பல பத்தாண்டுகள் இருந்தவர் ரசல். பள்ளிகளில் பிரிவினை கூடாது என்ற தீர்ப்பை எதிர்த்து 1956-இல் தென்மாநில உறுப்பினர்கள் வெளியிட்ட அறிக்கையை எழுதியவர்களில் ஒருவர். 1964-இன் குடிமை உரிமைச் சட்டத்தைத் தடுக்க வாரக்கணக்கில் நீண்ட பேச்சுப் போரை முன்னின்று நடத்தியவர். டட்டில் திறந்த கதவுகளையெல்லாம் சாத்தி வைக்கப் பார்த்தவர். இரண்டு பெயர்களும் ஒரே ஊரில், ஒரே அரசின் செலவில் நிற்கின்றன.

1995 ஏப்ரல் 19 எங்கள் வேலையையே மாற்றியது. ஓக்லஹோமா நகரில் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டு 168 பேர் இறந்த கட்டடத்துக்கு இருந்தது ஒரு நீதிபதியின் பெயர்: ஆல்ஃபிரெட் முர்ரா. 1937-இல், முப்பது வயதை ஒட்டி, கூட்டரசு நீதிபதி ஆனவர். நாட்டின் மிக இளைய நீதிபதிகளில் ஒருவர். இன்று அந்தப் பெயரைச் சொன்னால் குண்டுவெடிப்புதான் நினைவுக்கு வருகிறது, மனிதர் நினைவில் இல்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தம்தான். அதற்கு முன் ஏணியைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றத்தின் எந்தப் பக்கமும் போவோம். அதன் பிறகு விரல்ரேகை, பின்னணி விசாரணை, துணைக்கு ஒரு காவலர், வாசலில் கான்கிரீட் தடுப்பு. கட்டடங்கள் தெருவிலிருந்து பின்வாங்கின. எழுத்துகள் தூரத்திலிருந்து வாசிக்கும்படி பெரிதாயின. அடுத்த ஆண்டு ஒலிம்பிக் விளையாட்டு அட்லாண்டாவுக்கு வந்ததில் சொந்தமாகப் பட்டறை தொடங்கும் அளவுக்குக் கையில் காசு சேர்ந்தது. அந்தப் பெரியவரும் என்னோடு வந்துவிட்டார்.

பக்கத்து மாநிலத்தில் ஓர் ஊரின் சிறு நீதிமன்றக் கட்டடத்துக்கு, அந்த ஊரின் முதல் கறுப்பின நீதிபதியின் பெயரை வைக்க உள்ளூர் ஆட்சிக் குழு முடிவு செய்து எங்களுக்கு ஆணை கொடுத்தது. வார்த்து, தேய்த்து, மெருகேற்றி முடித்தோம். இடையில் தேர்தல் வந்து குழு மாறியது. புதிய குழு, பெயர் வைப்பதைப் பற்றி மேலும் ஆராய வேண்டும் என்று தீர்மானம் போட்டது. பணம் முழுதும் வந்துவிட்டது. எழுத்துகளைக் கொண்டுபோக யாரும் வரவில்லை. தேவாலயத்து ஆள்கள் சிலர் மட்டும் ஒரு ஞாயிறு பிற்பகலில் வந்து அவற்றைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த வெண்கலத்தை உருக்க நான் சம்மதிக்கவே இல்லை. அதிலிருந்து, வெறும் தீர்மானத்தை நம்பி எங்கள் பட்டறையில் உலை மூட்டுவதில்லை. நிதி ஒதுக்கி, இடம் குறித்து, கையெழுத்தான ஆணை கையில் வந்த பிறகுதான்.

இனி சார்ல்ஸ்டன்.

அந்த ஊரின் நடுவில், நகராட்சிக் கட்டடம், மாவட்ட நீதிமன்றம், புனித மைக்கேல் தேவாலயம், கூட்டரசின் அஞ்சலக நீதிமன்றம் ஆகிய நான்கும் நான்கு மூலையில் நிற்கும் சந்திப்பு ஒன்று உண்டு. கூட்டரசு நீதிமன்றம் 1896-இல் கட்டியது. அதை ஒட்டிப் பிற்காலத்தில் எழுந்த இணைப்புக் கட்டடத்துக்கு ஃபிரிட்ஸ் ஹாலிங்ஸ் நீதி மையம் என்று பெயர். ஹாலிங்ஸ் தெற்குக் கரோலினாவின் ஆளுநராக இருந்தவர். 1966 முதல் 2005 வரை மேலவை உறுப்பினர். அந்தக் கட்டடத்துக்கு நிதி வாங்கித் தந்தவரும் அவரே. 2015-இல் அவருக்கு 93 வயது. தம் பெயரை எடுத்துவிட்டு ஜே. வேடீஸ் வேரிங்கின் பெயரை வைக்கும்படி அவரே கேட்டார். தாம் செய்தது பணம் வாங்கித் தந்ததுதான், அங்கே வரலாற்றைச் செய்தவர் வேரிங் என்பது அவர் வாதம். உயிரோடிருக்கும் ஒருவர் தம் பெயரை இறக்கச் சொல்லி நான் கேள்விப்பட்டது அந்த ஒரு முறைதான்.

வேரிங் யார் என்பதை அந்தப் பெரியவர்தான் எனக்குச் சொல்லியிருந்தார், செய்தித்தாள்கள் எழுதுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே. 1880-இல் சார்ல்ஸ்டனில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த குடும்பத்தில் பிறந்தவர். உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்கள் பக்கம் நின்ற குடும்பம். 1942-இல் கூட்டரசு நீதிபதியாகப் பதவியேற்றபோது அவரிடம் யாரும் புரட்சியை எதிர்பார்க்கவில்லை. 1946-இல் ஐசக் உட்டார்டு வழக்கு அவர் முன் வந்தது. போரிலிருந்து திரும்பி, சீருடையோடு பேருந்தில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த கறுப்பினப் படைவீரர். ஊர்க் காவல்துறைத் தலைவர் அவரை இறக்கி அடித்ததில் இரண்டு கண்களும் போயின. வெள்ளையர் மட்டுமே அமர்ந்த நடுவர் குழு அரை மணிக்குள் காவலரை விடுவித்தது. வேரிங்கின் மனைவி எலிசபெத் நீதிமன்றத்தைவிட்டு அழுதுகொண்டே போனார். அந்த மாலையிலிருந்து இருவரும் தங்கள் ஊரைப் பற்றிப் படிக்கத் தொடங்கினார்கள். ஒருவர் வாசிக்க ஒருவர் கேட்டார்.

மறு ஆண்டே, கட்சியின் வேட்பாளர் தேர்வில் கறுப்பினத்தார் வாக்களிப்பதைத் தடுக்க முடியாது என்று தீர்ப்பளித்தார். ஊர் அவரோடு பேசுவதை நிறுத்தியது. வீட்டு முன் சிலுவை எரித்தார்கள். 1950 அக்டோபரில் சன்னல் வழியாகக் கல் வந்து விழுந்தது. அவரையும் மனைவியையும் மாநிலத்தைவிட்டு அனுப்பப் பயணச்சீட்டு வாங்கப் பணம் ஒதுக்க வேண்டும் என்று மாநிலச் சட்டப்பேரவையிலேயே தீர்மானம் வந்தது.

கிளாரண்டன் மாவட்டத்துக் கறுப்பினப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளுக்கு முதலில் கேட்டது ஒரு பள்ளிப் பேருந்து. வெள்ளைப் பிள்ளைகளுக்குப் பல பேருந்துகள் இருந்தன, இவர்களுக்கு ஒன்றுகூட இல்லை. அதிலிருந்து வளர்ந்ததுதான் பிரிக்ஸ் எதிர் எலியட் வழக்கு. சமமான வசதி கேட்டு வந்த வழக்கறிஞர் தர்குட் மார்ஷலிடம், பிரிவினையையே நேராக எதிர்த்து வழக்கைத் திருப்பிப் போடும்படி சொன்னவர் வேரிங். 1951 மே மாதம் மூன்று நீதிபதிகள் முன் விசாரணை. கிளாரண்டனிலிருந்து விடிவதற்கு முன்பே கிளம்பி வந்த மக்கள் படிக்கட்டில் இருந்து தெருவரை வரிசையில் நின்றார்கள். எங்கள் பெரியவரின் தாயார் அந்த வரிசையில் நின்றவர். உள்ளே இடம் கிடைக்கவில்லை. ஆனால் முன்னால் நிற்பவர் காதில் வாங்கி, பின்னால் நிற்பவருக்குச் சொல்லி, வாதங்கள் ஒவ்வொன்றாகத் தெருவுக்கு வந்தன என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம்.

வழக்கு இரண்டுக்கு ஒன்று என்று தோற்றது. அந்த ஒன்று வேரிங்கினுடையது. பிரிவினை என்பதே சமமின்மைதான் என்று மறுப்புத் தீர்ப்பு எழுதினார். மூன்று ஆண்டு கழித்து, 1954-இல், இந்த வழக்கும் சேர்ந்திருந்த பிரௌன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது பேரும் அந்த இடத்துக்கே வந்து சேர்ந்தார்கள். அதற்குள் வேரிங் பதவியைவிட்டு நியூயார்க்குக்குப் போய்விட்டார். 1968 ஜனவரியில் உடலாகத்தான் சார்ல்ஸ்டனுக்குத் திரும்பினார். அடக்கத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தார்; வெள்ளையர் விரல்விட்டு எண்ணும் அளவே. வழக்குப் போட்ட ஹாரி பிரிக்ஸும் மனைவி எலைசாவும் ஏற்கெனவே வேலையை இழந்திருந்தார்கள்.

ஹாலிங்ஸ் கேட்டபடி பெயரை மாற்றும் மசோதா 2015-இல் நாடாளுமன்றத்தில் இருந்த காலத்தில்தான், ஜூன் 17 அன்று, அதே ஊரின் இமானுவேல் தேவாலயத்தில் வேதாகம வகுப்பில் இருந்த ஒன்பது பேரை ஒருவன் சுட்டுக் கொன்றான். ஜூலை 10 அன்று மாநிலத் தலைமையகத்திலிருந்து பழைய தென்கூட்டணிக் கொடியை இறக்கினார்கள். அந்தக் கொடி 1960-களின் தொடக்கத்தில் கோபுரத்தில் ஏறியபோது ஆளுநராக இருந்தவர் இதே ஹாலிங்ஸ். அக்டோபர் 2 அன்று கட்டடம் ஜே. வேடீஸ் வேரிங் நீதி மையம் ஆனது. கொலையாளியின் மீதான கூட்டரசு வழக்கை 2016 டிசம்பரில் அதே வளாகத்தில்தான் விசாரித்தார்கள். அதை நடத்திய நீதிபதி ரிச்சர்டு கெர்கல், வேரிங்கையும் உட்டார்டையும் பற்றி 2019-இல் ஒரு நூலே எழுதினார்.

அந்த எழுத்து வேலை எங்கள் பட்டறைக்கு வரவில்லை. வராவிட்டால் என்ன, பார்த்துவிட்டு வரலாம் என்று பெரியவரைக் கூட்டிக்கொண்டு போனேன். ஆங்கிலத்தில் எழுதினால் அந்தப் பெயரின் இரண்டு சொற்களும் டபிள்யூ, ஏ என்றுதான் தொடங்குகின்றன. கண் முதலில் அங்கேதான் போகும் என்று நினைத்திருந்தேன். ஆனால் அவர் எழுத்தைப் பார்க்கவில்லை. வாசல் படிக்கட்டிலிருந்து தெருவரை நடந்து, வரிசை எதுவரை நீண்டிருக்கும் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், "ஹாலிங்ஸ் கேட்டிருக்காவிட்டால் இது நடந்திருக்காது" என்றார். நானும் அப்படியே நினைக்கிறேன். வெறும் சுவரில் பெயர் ஏற்ற யாரும் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. பெயர் இருக்கும் சுவரில் ஏற்ற, அந்தப் பெயருக்கு உரிமையுள்ளவர் யாராவது கை எடுக்க வேண்டும். ஹாலிங்ஸ் கையை எடுத்தார். இந்தத் தொழிலில் நான் கண்ட பெருஞ்செயல் அதுவே.

கை எடுக்காதவர்களைப் பார்த்தது 2022-இல். ஃபுளோரிடாவின் தலைநகர் டல்லஹாசியில், வடக்கு ஆடம்ஸ் தெரு 111-ஆம் எண்ணில் உள்ள நீதிமன்றத்துக்கு ஜோசப் உட்ரோ ஹாட்செட்டின் பெயரை வைக்க மசோதா வந்தது. அவருடைய கதையை எந்த ஊரிலும் சொல்லலாம். 1959-இல் மயாமியில் ஒரு விடுதியில் வழக்கறிஞர் தேர்வு எழுதினார். அதே விடுதியில் தங்கவோ சாப்பிடவோ நிறத்தைக் காரணம் காட்டி அனுமதி இல்லை. 1975-இல் அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றத்துக்கே நீதிபதியானார், முதல் கறுப்பினத்தவராக. அடுத்த ஆண்டு மாநிலம் முழுதும் வாக்களித்த தேர்தலில் வென்று அந்த இடத்தை உறுதி செய்துகொண்டார். 1979-இல் கூட்டரசின் மேல்முறையீட்டு நீதிமன்றம்; 1996 முதல் 1999 வரை பதினோராவது வட்டத்தின் தலைமை நீதிபதி. அந்த நீதிமன்றம் இருப்பது அட்லாண்டாவில், டட்டில் கட்டடத்தில். 2021-இல் மறைந்தார்.

மாநிலத்தின் இரண்டு மேலவை உறுப்பினர்களும் குடியரசுக் கட்சிக்காரர்கள்; அவர்களே மசோதாவைக் கொண்டுவந்தார்கள். கீழவையில் ஃபுளோரிடாவின் 27 பேரும் ஆதரித்திருந்தார்கள். சட்டத்தில் இருந்த முழுப்பெயருக்கு ஆங்கிலத்தில் 61 எழுத்துகள் என்று எண்ணிப் பார்த்துவிட்டு, எந்தச் சுவரில் எத்தனை வரியாக வரும் என்று நானும் மகனும் பேசிக்கொண்டிருந்தோம். ஒப்பந்தம் வருமோ வராதோ, பழக்கம் விடாது. மார்ச் மாதம் வாக்கெடுப்பு. அன்று ஜார்ஜியா உறுப்பினர் ஒருவர், 1999-ஆம் ஆண்டின் ஒரு செய்தியை அவையில் சுற்றுக்கு விட்டார். பொதுப்பள்ளிப் பட்டமளிப்பு விழாவில் மாணவர் தலைமையில் வழிபாடு நடக்க இடம் தரும் ஏற்பாடு அரசமைப்புக்கு விரோதமானது என்று ஹாட்செட் அளித்த தீர்ப்பைப் பற்றிய செய்தி அது. உச்ச நீதிமன்றம் 1992-இல் சொன்னதைப் பின்பற்றித்தான் அவர் அந்தத் தீர்ப்பை எழுதியிருந்தார். 238 பேர் ஆதரவு, 187 பேர் எதிர்ப்பு. பெரும்பான்மை இருந்தும் மூன்றில் இரண்டு பங்கு இல்லாததால் மசோதா விழுந்தது. தங்கள் பெயரை ஆதரவாளராகப் போட்டிருந்த ஃபுளோரிடா உறுப்பினர்கள் சிலரே எதிர்த்து வாக்களித்திருந்தார்கள். மே மாதம் சாதாரண பெரும்பான்மை போதும் என்ற வழியில் திரும்பக் கொண்டுவந்து கீழவையில் நிறைவேற்றினார்கள்.

மார்ச்சில் நடந்ததை நினைத்து எனக்குப் பல நாள் கோபம் இருந்தது. கால் நூற்றாண்டுத் தீர்ப்புகளில் ஒன்றை எடுத்து, அதற்காகப் பெயரைத் தடுப்பது என்றால் எந்த நல்ல நீதிபதியின் பெயரும் எந்தச் சுவரிலும் ஏறாது. யாருக்கும் கசக்காத தீர்ப்பு மட்டுமே கொடுத்தவரின் பெயரைத்தான் வைக்க முடியும். அப்படிப்பட்டவர் எந்தக் கதவையும் திறந்திருக்கமாட்டார். அலபாமாவின் மான்ட்காமரியில் ஃபிராங்க் ஜான்சன் பெயரை 1992-இல் நீதிமன்றத்துக்கு வைத்தார்கள். பேருந்தில் பிரிவினை கூடாது என்று 1956-இல் தீர்ப்பளித்த அமர்வில் இருந்தவர். செல்மாவிலிருந்து மான்ட்காமரிக்கு 1965-இல் நடந்த பேரணிக்கு அனுமதி கொடுத்தவர். அவருக்கென்று குறிவைத்து அவர் தாயாரின் வீட்டில் குண்டு வைத்தார்கள். அந்தத் தீர்ப்புகள் கொடுத்த நாளில் வாக்குக்கு விட்டிருந்தால் அவர் பெயருக்கு அந்த ஊரில் பத்து வாக்கு விழுந்திருக்காது.

இப்போது பட்டறை மகன் கையில். பெரியவர் காலமாகிவிட்டார். என்னிடம் இளைஞர்கள் வந்து, அடுத்து எந்தப் பெயர் ஏற வேண்டும் என்று கேட்கிறார்கள். என் பதில் தயாராக இருக்கிறது.

ஹோரஸ் வார்டு. ஜார்ஜியாவின் லக்ரேஞ்சில் பிறந்தவர். 1950-இல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பித்தார். கறுப்பினத்தார் என்பதால் இடம் தரவில்லை. வழக்குப் போட்டார், தோற்றார். வடக்கே நார்த்வெஸ்டர்னில் சட்டம் படித்துத் திரும்பி வந்து, 1961-இல் அதே பல்கலைக்கழகத்தின் கதவைத் திறந்த வழக்கில் கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லியோடு சேர்ந்து வாதாடினார். சார்லெய்ன் ஹண்டரும் ஹாமில்டன் ஹோம்ஸும் உள்ளே போனார்கள். 1979-இல் ஜார்ஜியாவின் முதல் கறுப்பினக் கூட்டரசு நீதிபதியானார். அந்த மாவட்ட நீதிமன்றம் அட்லாண்டாவில் இருப்பது ரசல் கட்டடத்தில். பள்ளியில் பிரிவினை நீடிக்க வேண்டும் என்று போராடியவரின் பெயருக்குக் கீழே நுழைந்துதான், அந்தப் பிரிவினையால் திருப்பி அனுப்பப்பட்டவர் காலங்காலமாக நீதி வழங்கினார். 2016-இல் மறைந்தார்.

ரசல் உயிரோடு இல்லை, அவர் ஹாலிங்ஸைப் போலக் கேட்கப் போவதில்லை. ஆகவே மற்றவர்கள் கேட்க வேண்டும். இரண்டு பிரிவுகள் உள்ள ஒரு பக்கச் சட்டம் போதும். அதுவும் வேண்டாம் என்றால் நிர்வாகத் தலைவரின் ஒரு கையெழுத்து போதும். ஜார்ஜியாவின் உறுப்பினர்கள் எல்லோருக்கும் இதைக் கடிதமாக எழுதியிருக்கிறேன். சட்டத்தில் எழுத வேண்டிய முறையில் அவருடைய பெயர், தெரு, கட்டட எண் எல்லாவற்றையும் சேர்த்து, பழைய எழுத்தை இறக்கித் துளையை அடைப்பதற்கான மதிப்பீட்டையும் இணைத்து அனுப்பியிருக்கிறேன். அந்த வேலைக்குக் கூலி வேண்டாம் என்று மகன் கையெழுத்துப் போட்டிருக்கிறான்.